விருந்தினருக்குக் காரவெல்லக் கடலை

வீட்டிற்கு வரும் விருந்தினருக்கு முதலிற் குடிநீரும், அடுத்துத் தின்பதற்கு ஏதேனும் ஒன்றும் கொடுத்து உபசரிப்பது குடியானவர் வீடுகளில் நெடுங்காலமாய் இருந்துவரும் வழக்கமாகும். முன்னாளில் அவ்வாறு கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் சொந்த நிலத்தில் விளைந்தவையே. பொரி, அவல், எள்ளுருண்டை, வறுத்த கடலை முதலியவற்றுள் ஏதேனும் ஒன்று எப்பொழுதும் கைவசம் இருக்கும். இக்காலத்திலோ, நிலக்கடலை மூட்டை மூட்டையாய் விளையும் கிராமங்களிலுங்கூட விருந்தினர் முன் வைக்கப்படுவது கடையில் வாங்கிய பிஸ்கோத்தும் பொட்டலத்தில் அடைத்த பண்டமுமாய் இருக்கின்றன. சொந்த விளைவிலிருந்தே, அதிகச் செலவின்றி, இனிப்பும் காரமும் ஒருங்கே அமைந்த சிற்றுண்டி ஒன்றைச் செய்து, இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து உபயோகிக்கக்கூடும். அதற்குரிய பருப்பைத் தயாரிக்கும் வகையும், பண்டத்தின் செய்முறையும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

செய்முறை சுலபமானதே; சிரத்தை வேண்டுவது பருப்பைத் தெரிந்தெடுப்பதில்தான். நல்ல காய்கள் மண்டிக்குப் போய்விட, சுருங்கியதும் உடைந்ததும் நிறம் மாறியதுமான பருப்பை வீட்டுச் செலவுக்கு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வெறும் கடலையாய் வறுத்துத் தின்னும்பொழுது கெட்ட பருப்பின் கசப்பை நாக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும், தின்பவர் உமிழ்ந்துவிடுவார். வெல்லப் பாகும் மிளகாயும் சுக்கும் சேர்ந்தவிடத்து அந்தக் கசப்பு மறைந்துபோகும். தின்பவர் அறியாமலே விழுங்கிவிடுவார். ஆகையால் இந்தப் பண்டத்திற்கு மற்றெந்தப் பண்டத்தையும்விடச் சுத்தமான பருப்பு அவசியமாகின்றது.

கடலையும் அதன் குணமும்

நிலக்கடலை தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பயிராகும். வேர்க்கடலை, கடலைக்காய், மணிலாக்கொட்டை எனப் பல பெயர்கள் இதற்கு வழங்குகின்றன. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் மணிலாக்கொட்டை என்பது மல்லாட்டை எனச் சிதைந்து வழங்குகிறது. இலங்கைத் தமிழர் கச்சான் என்பர். மணிலா என்னும் பெயர், பிலிப்பைன் தீவுகளின் வழியாய் இந்தப் பயிர் இங்கு வந்திருத்தல் கூடும் என்பதற்குக் குறிப்பாக இருக்கின்றது.

பருப்பின் நிறையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதம். எனவே ஒரு கைப்பிடி கடலை, அதே அளவான பொரியையோ முறுக்கையோவிட உடலுக்கு உரமானது. ஆனால் அந்த எண்ணெயே கடலையைக் கெடுப்பதற்கும் காரணமாகிறது. காற்றும் வெளிச்சமும் உஷ்ணமும் பட்டால் எண்ணெய் காறல் வாடை அடையும். ஓடு இருக்கும்வரையில் பருப்புக்கு அது நல்ல காப்பாக இருக்கின்றது. ஆதலால் வீட்டுச் செலவுக்குரிய கடலையைக் காயாகவே வைத்திருந்து, வேண்டும்பொழுது வேண்டிய அளவு உரித்துக்கொள்ளுதல் நலம். சாதாரணமாய் 100 கிலோ காய்ந்த காய்க்கு 70 கிலோ அளவு பருப்புக் கிடைக்கும். 1 கிலோ பருப்புக்கு ஏறத்தாழ 1½ கிலோ காய் எடுத்துக்கொள்ளலாம்.

பூஞ்சக்காளானால் விளையும் தீங்கு

ஈரம் தங்கிய கடலையில் பச்சையும் மஞ்சளும் கலந்த தூள்போல ஒருவகைப் பூஞ்சக்காளான் பற்றுவதைப் பலரும் கண்டிருப்பர். ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் அந்தக் காளான் உண்டாக்கும் நஞ்சுக்கு அப்ளாடாக்ஸின் என்று பெயர். 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றிற்கு இடப்பட்ட தீவனத்தில் பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குக் கலந்திருந்ததும், அந்தப் பிண்ணாக்கில் இக்காளானின் நஞ்சு இருந்ததும் ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. இந்நஞ்சு உலகத்தார் கவனத்திற்கு வந்தது அதன் பின்னரே.

இது கோழிகளோடு நிற்பதன்று. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட குடும்பங்களில் ஈரல் நோய் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சோளத்தில் இதே நஞ்சு மிகுந்திருந்தது. சிறிது சிறிதாய் நெடுங்காலம் உடலிற் சேருமாயின் ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கும் தன்மையும் இதற்கு உண்டு. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் இதனை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையிற் சேர்த்தது.

விவசாயிகள் முக்கியமாய் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. வறுக்கும் சூட்டினால் காளான் மடிந்துபோகும். ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு ஓரளவு குறையுமேயன்றி முற்றும் போகாது. கழுவுவதாலும் போகாது. மேலே பூசணம் தெரியாத பருப்பிலும் நஞ்சு இருத்தல் கூடும். எனவே, அது உண்டாகாதபடி காயைக் காப்பதும், ஐயத்திற்கு இடமான பருப்பை நீக்குவதுமே தக்க வழிகளாகும்.

வயலிலும் களத்திலும் செய்யவேண்டியவை

ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை சுமார் 105 நாளில் முற்றி, ஐப்பசி மாதத்தில் பிடுங்கும் பருவத்தை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அம்மாதத்திலேயே. இதனால் ஆடிப் பட்டக் காய் நன்கு உலராமற் போவதற்கு அதிக இடமுண்டு. மார்கழிப் பட்டத்து இறவைக் கடலை பங்குனி சித்திரையில் பிடுங்கப்படுவதால் வெயிலுக்குக் குறைவில்லை. இரண்டு பட்டத்திலும் கடலை விளைவிப்போர் வீட்டுச் செலவுக்கு வெயிற்காலத்துக் காயை ஒதுக்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. மானாவாரி நிலத்தில் காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்துச் செடி வாடுமாயின், மண்ணுக்குள் இருக்கும்பொழுதே காளான் பற்றும். அத்தகைய வயலின் காயை வீட்டிற்கென்று எடுக்கலாகாது.

அறுவடைப் பருவத்தை அறிவதற்குச் சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கவேண்டும். ஓட்டின் உட்புறம் வெண்மை மாறிக் கருமை கலந்த பழுப்பு நிறம் அடைந்த காய்கள் நான்கில் மூன்று பங்கு இருந்தால் பிடுங்கலாம். முன்னதாகப் பிடுங்கினால் பருப்புச் சுருங்கும். காலங்கடத்தினால் கொத்துக் கடலை மண்ணிலேயே முளைவிடும். களைக்கொத்தும் மண்வெட்டியும் பட்டு ஓடு கீறிய காய்களை அப்பொழுதே தனியே பிரித்துவிடவேண்டும்; காளான் புகுவது அத்தகைய கீறல்களின் வழியேதான்.

பிடுங்கிய செடிகளைக் குவியலாய்ப் போடாமல், காய்கள் மேல்நோக்கி இருக்கும்படி தலைகீழாய் வரிசையில் வைத்து இரண்டு மூன்று நாள் வாடவிடுதல் வேண்டும். பின்னர்க் காயை ஆய்ந்து, வெறுந்தரையில் பரப்பாமல் தார்ப்பாயிலோ சிமிட்டிக் களத்திலோ மெல்லியதாய்ப் பரப்பி, நாளுக்கு நான்கைந்து முறை கிளறிவிடவேண்டும். மாலையில் பனி படாதவாறு மூடிவைப்பது அவசியம். காயை எடுத்துக் காதருகில் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கவேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதிற் கழலவேண்டும். கடித்தால் வளையாமல் முறியவேண்டும். இம்மூன்றும் அமைந்தால் ஈரம் நூற்றுக்கு 8 பங்கு அளவிற்கு வந்துவிட்டதென்று கொள்ளலாம். அதன் பின்னர் சாக்கில் கட்டி, தரையிற் படாமல் மரச்சட்டங்களின்மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குதல் வேண்டும்.

காயை உரிக்கும்பொழுது பருப்பு உடையாமல் இருக்கவேண்டுமென்று தண்ணீர் தெளித்து நனைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பாடுபட்டு உலர்த்திய காய்க்கு இதனால் மறுபடியும் ஈரம் ஏறுகிறது. வீட்டுச் செலவுக்குரியதைக் கையால் உலர உரித்துக்கொள்வதே சிறந்தது.

பருப்பைப் பொறுக்குதல்

உரித்த பருப்பை வெளிச்சமான இடத்தில் வெள்ளைத் துணியின்மேல் பரப்பிப் பொறுக்கவேண்டும். சுருங்கியவை, தோல் கருத்தவை, மஞ்சள் அல்லது பச்சைத் தூள் படிந்தவை, பூச்சி துளைத்தவை, முளைவிட்டவை, உடைந்து உள் மங்கியவை ஆகியவற்றை நீக்கிவிடவேண்டும். ஐயமுள்ள பருப்பை இரண்டாய்ப் பிளந்து பார்த்தால் நடுவில் பூசணம் படர்ந்திருப்பது தெரியவரும். நல்லதோ கெட்டதோ என்று தீர்மானிக்க இயலாததைக் கெட்டதென்றே வைத்து விலக்குக.

கழித்த பருப்பை மாட்டிற்கும் கோழிக்கும் இடுவது தவறு. நஞ்சுள்ள தீவனத்தை உண்ட கறவை மாட்டின் பாலிலும் அந்த நஞ்சின் மாறிய வடிவம் வந்து சேருகிறது. அந்தப் பால் வீட்டுக் குழந்தைகளுக்கே திரும்பி வரும். செக்கிற்கு அனுப்புவதும் தகாது. ஆட்டும்பொழுது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலும், ஒரு பகுதி எண்ணெயிலும் சேரும். ஆகையால் கழிவைக் குழிவெட்டிப் புதைத்துவிடுதல் வேண்டும். ஒரு மூட்டைக்குச் சில படி வீணாவதாகத் தோன்றலாம்; வைத்தியச் செலவைக் கருதினால் அது நஷ்டமாகாது.

வேண்டிய சாமான்கள்

பொறுக்கிய பருப்பு 1 கிலோவுக்குக் கீழ்க்கண்ட அளவு போதுமானது.

வெல்லம் 500 கிராம். தண்ணீர் 150 மில்லி லிட்டர். வற்றல் மிளகாய்த் தூள் 10 கிராம். மிளகுத் தூள் 5 கிராம். சுக்குத் தூள் 5 கிராம். வறுத்துப் பொடித்த சீரகம் 5 கிராம். தூள் உப்பு 10 கிராம். நெய் 2 தேக்கரண்டி. வறுத்த பச்சரிசி மாவு 50 கிராம்.

வெல்லம் பழுப்பு நிறமாயும் கெட்டியாயும் இருத்தல் நலம். பளிச்சென்று மஞ்சளாய்த் தோன்றும் வெல்லம் இரஸாயனப் பொருள் இட்டு வெளுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். உவர் நிலத்துக் கரும்பின் வெல்லம் உப்புக் கரித்திருக்குமாதலால் முதலில் சிறிது சுவைத்துப் பார்த்து, அதற்கேற்ப உப்பைக் குறைத்துக்கொள்ளவேண்டும். காரம் விரும்பாதோர் மிளகாயைப் பாதியாக்கலாம்; சுக்கைக் குறைக்கலாகாது. வெல்லத்தின் திகட்டலை மாற்றுவது அதுவே.

வறுத்தல்

கனமான இரும்புச் சட்டியில், கழுவி உலர்த்திச் சலித்த ஆற்றுமணலை இட்டு, அது நன்கு சூடேறிய பின் பருப்பைப் போட்டு ஓயாமல் கிளறவேண்டும். மணல் பருப்பின் எல்லாப் புறத்திலும் ஒரே அளவாய்ச் சூட்டைச் செலுத்துவதால் மேல் கருகி உள் பச்சையாய் இருக்கும் குற்றம் நேராது. தோலில் சிறு வெடிப்புத் தோன்றி, பருப்பின் உள் இளம்பொன் நிறமாகும் சமயத்தில் சல்லடையில் கொட்டி மணலை நீக்குக. சட்டியிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டினால் பருப்புச் சிறிது நேரம் வறுபட்டுக்கொண்டே இருக்கும். எனவே முழு நிறம் வருவதற்குச் சற்று முன்னதாகவே இறக்குவது முறை.

ஆறிய பின் கையால் தேய்த்துத் தோலை முறத்திற் புடைத்து நீக்கவேண்டும். தோல் நீங்கியதும் மற்றொருமுறை பொறுக்குதல் இன்றியமையாதது. பச்சைப் பருப்பில் தோலுக்குள் மறைந்திருந்த குற்றம் இப்பொழுது கரும்புள்ளியாகவோ மங்கிய நிறமாகவோ வெளிப்படும். முதற் பொறுக்கலில் தப்பியவை பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

பாகு காய்ச்சுதல்

வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, சிறிது சூடாக்கி வடிகட்டினால் மண்ணும் சக்கையும் நீங்கும். வடித்ததை அகன்ற சட்டியில் ஊற்றி நடுத்தரமான தீயில் காய்ச்சுக. முதலில் நுரை பொங்கும். பிறகு நுரை அடங்கிக் குமிழிகள் சிறுத்துப் பாகு தடிக்கும். இனிக் கடிகாரத்தை நம்பாமல் தண்ணீரை நம்பவேண்டும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்து, அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டுப் பார்க்க. விரலால் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாய்த் திரள்வது அதிரசத்திற்குரிய பதம். கடலைக்கு அது போதாது. இன்னும் காய்ச்சினால் உருண்டை இறுகும். எடுத்துத் தட்டில் எறிந்தால் கல்போல் ஓசை எழ, பல்லில் ஒட்டாமல் முறியும் பதம் வந்தவுடன் அடுப்பிலிருந்து இறக்குக. இதற்கு முன்னே இறக்கினால் பண்டம் மறுநாளே பிசுபிசுக்கும். பின்னே இறக்கினால் பாகு கருகிக் கசக்கும்.

இறக்கிய பாகில் நெய்யையும் பொடிகளையும் உப்பையும் இட்டு ஒருமுறை கலக்கவேண்டும். அடுப்பின்மேல் இருக்கும்பொழுது மிளகாய்த் தூளைச் சேர்த்தால் கருகி நெடி ஏறும்; நிறமும் கெடும். உடனே கடலையைக் கொட்டிக் கிளறுக. கடலை வெதுவெதுப்பாய் இருத்தல் அவசியம்; குளிர்ந்திருந்தால் பாகு சட்டென்று உறைந்து ஒருபுறம் கட்டியாகிவிடும். எல்லாப் பருப்பிலும் பாகு பற்றியதும், அரிசி மாவு தூவிய அகன்ற தட்டில் கொட்டி, மேலும் சிறிது மாவு தூவி, இரண்டு மரக்கரண்டிகளால் பருப்பைத் தனித்தனியே பிரிக்கவேண்டும். இதற்குச் சில நிமிஷமே அவகாசம் உண்டாகையால் இருவர் சேர்ந்து செய்வது நலம். முன்னதாக இறுகிவிட்டால் சட்டியை மெல்லிய தீயில் வைத்து இளக்கிக்கொள்ளலாம். இப்பாகு கொதிநீரைவிட மிகுந்த சூடுடையது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். கையால் பிரிக்க முயல்வதும், குழந்தைகளை அடுப்பருகில் விடுவதும் ஆகா.

வைத்துக்கொள்ளுதலும் பரிமாறுதலும்

முழுவதும் ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்கவேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராய் மாறி வெல்லத்தை இளக்கிவிடும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா அல்லது கண்ணாடிச் சாடி உகந்தது. ஈரக்கை படாமல் எடுத்து உபயோகித்தால் வெயிற்காலத்தில் மூன்று வாரம் நன்றாயிருக்கும். மழைக்காலத்தில் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் செய்வது போதும்.

விருந்தினருக்கு ஒரு சிறு கிண்ணமளவு கொடுத்தாற் போதுமானது. மோரோ, இனிப்பில்லாத காபியோ உடன் இருந்தால் சுவை கூடும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத உடம்புடையோர் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரே பருப்பினாலும் உடல் தடித்து மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகையால் புதியவராய் வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்தல் மரியாதைக் குறைவாகாது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்கலாகாது. அது மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பல்லில்லாத முதியோருக்குக் கடலையை இடித்து, இளம் பதப் பாகில் உருண்டையாய்ப் பிடித்துக் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளவருக்கு வெல்லம் சேர்க்காமல், உப்பும் மிளகும் தூவிய வறுகடலையைத் தனியே வைத்திருப்பது விவேகம்.

விற்பனைக்குச் செய்வோர் கவனத்திற்கு

கிராமத்து மகளிர் குழுக்கள் இதனைச் செய்து விற்க முற்படலாம். உணவுப் பொருளை விற்போர் 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். பொட்டலத்தில் கடலை சேர்ந்துள்ளதென்பதையும், செய்த தேதியையும் தெளிவாய்க் குறிக்கவேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. ஆதலால் வேறு ஊரில் செய்த பண்டத்தை அப்பெயரால் விற்பது சட்டத்திற்கு மாறானது. அவ்வூர்ப் பண்டம் பெற்ற நற்பெயருக்குத் தேர்ந்த கடலையும், நல்ல வெல்லமும், பாகின் பதம் அறிந்த கைகளுமே ஆதாரம். அம்மூன்றையும் எந்த ஊராரும் முயன்று அடையலாம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. ஐப்பசி மழைக்கு முன்னரே பொதுக் களத்தைச் செப்பனிட்டு வைத்தல், தார்ப்பாய் இல்லாத சிறு விவசாயிகளுக்கு அது கிடைக்க வழிசெய்தல், சாலையின்மேல் காயைப் பரப்பாதபடி தடுத்துக் களத்தைக் காட்டுதல், நனைந்த காயைத் தனியே வைக்கும்படி அறிவுறுத்தல் ஆகிய இவற்றால் விருந்தினர் உண்ணும் கடலை மட்டுமன்றி, மண்டிக்குப் போகும் கடலையும் மதிப்புப் பெறும்.

சுருங்கக் கூறின், காயை நன்கு உலர்த்துக, உரிக்கும்பொழுது நனையாது காக்க, பச்சையில் ஒருமுறையும் வறுத்தபின் ஒருமுறையும் பொறுக்குக, பாகைக் கல்பதத்தில் இறக்குக, ஆறியபின் மூடிவைக்க. மூட்டையில் சிறந்த பருப்பு எதுவோ அதனை முதலில் வீட்டிற்கும் விருந்திற்கும் எடுத்து வைத்து, எஞ்சியதை விற்பனைக்கு அனுப்பும் குடியானவர், தம் குடும்பத்தாரின் ஈரலையும் வந்தவர் நலத்தையும் ஒருசேரக் காத்தவராவார்.